அம்மாவின் கட்டிலில் ஓர் ஆட்டுத்தோல்



மெல்பர்ன் குளிரில், ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஓர் ஆட்டுத்தோலை எப்படிக் கழுவுவது என்று கேட்பதற்காக இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். டாண்டினோங்கிலிருந்து வந்திருக்கிறீர்கள், கிளேட்டனிலிருந்து வந்திருக்கிறீர்கள், ஜீலோங்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களையும் பார்க்கிறேன். ஏன் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் பலர் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. அந்தக் கட்டிலில் ஓர் அம்மாவோ அப்பாவோ, அம்மம்மாவோ தாத்தாவோ படுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே ஓர் ஆட்டுத்தோல் விரித்திருக்கிறது. அது அழுக்காகிறது. அதை என்ன செய்வது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனைக்கும் நான் தோல் படித்தவன். சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்தில்தான் என் கல்லூரி நாட்கள் கழிந்தன. ராணிப்பேட்டையில் ஏழு ஆண்டுகள் தோல் பதனிடும் வேலை. பிறகு இந்த நாட்டுக்கு வந்து ஓய்வு பெறும்வரை அதே வேலை. ஆனாலும் என் சொந்த அம்மாவின் கட்டிலில் விரித்த தோலை நான் பாழாக விட்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு மேச்சேரிப் பக்கம். ஆடு, பட்டி, கிடை எல்லாம் பார்த்து வளர்ந்தவர். எண்பத்து மூன்று வயதில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி ஒருவர், "ஒரு ஷீப்ஸ்கின் வாங்கிப் போடுங்கள்" என்றார். வாங்கி வந்து விரித்தேன். அம்மா அதன் ரோமத்துக்குள் விரலை விட்டார். விரல் கணுவரை உள்ளே போயிற்று. "ஏப்பா, இது ஆட்டுத் தோலா? நம்ம ஊரு ஆட்டுக்கு இவ்வளவு மயிரு ஏது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எவ்வளவு அறிவு இருக்கிறது பாருங்கள்! நம் தமிழ்நாட்டுச் செம்மறிகளில் பெரும்பாலானவை முடி ஆடுகள். மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, இவற்றின் உடம்பில் இருப்பது குட்டையான முடி. கம்பளி தருபவை நீலகிரி ஆடு, கோயம்புத்தூர்க் குறும்பை ஆடு, திருச்சி கறுப்பு ஆடு என்று சிலதான். அதனால் ஆட்டுத்தோல் என்றதும் நமக்குச் செருப்பும் பையும் நினைவுக்கு வருகின்றன. கம்பளி என்றதும் குறும்பர் நெய்த கறுப்புக் கம்பளி நினைவுக்கு வருகிறது. தோலும் கம்பளியும் ஒன்றாகவே இருக்கும் ஒரு பொருள் நம் வீட்டுப் பழக்கத்தில் இல்லை. அதைக் கழுவும் கைப்பழக்கமும் இல்லை. இந்த நாடோ ஆட்டின் முதுகில் ஏறி வளர்ந்த நாடு. 1797-இல் முதல் மெரினோ ஆடுகள் வந்து இறங்கியதிலிருந்து கம்பளியோடு வாழ்கிறவர்கள் இவர்கள். நமக்கு இது புதுசு. புதுசான பொருளைக் கற்றுக்கொள்வதில் வெட்கம் என்ன இருக்கிறது?

கதைக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் தோல் நனைந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவருக்கு அது நடப்பதுதான். எனக்கு அன்று இரவுப் பணி. அவசரத்தில் அதை மற்றப் படுக்கை விரிப்புகளோடு சேர்த்து ஒரு சலவைக்கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அவர்கள் அதை விரிப்புகளோடு கொதிநீரில் சுற்றி, சூடான உலர்த்தியில் போட்டு எடுத்துத் தந்தார்கள். பையைப் பிரித்தேன். என் அம்மா விரலை விட்டு அளைந்த அந்தத் தோல் முக்கால் பங்காகச் சுருங்கிக் கிடந்தது. அடிப்பக்கம் காய்ந்த வடகம்போல் விறைத்திருந்தது. மடித்தேன், 'சடக்'கென்று விரிசல் விட்டது. ரோமம் முடிச்சு முடிச்சாகச் சடை பிடித்திருந்தது. அடுத்த தோல் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் அம்மாவின் குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. அழுத்தினால் வெளுக்காத சிவப்பு.

படுக்கைப்புண்ணின் வாசல்படி அது. அந்தச் சிவப்பை ஆற்ற ஆறு வாரம் பாடுபட்டோம்.

அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். இது துணி அல்ல, தோல். ஒரு காலத்தில் ஓர் உயிரின் மேல் இருந்த தோல். துணியைத் துவைப்பதுபோல் இதைத் துவைக்கக் கூடாது. ஒரு குழந்தையின் தலையைக் கழுவுவதுபோல் கழுவ வேண்டும்.

இந்தத் தோல் ஏன் வேண்டும்? ரப்பர் மெத்தை போதாதா, கடையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை ரோம விரிப்பு போதாதா என்று கேட்கலாம். இதே மெல்பர்ன் நகரத்து மருத்துவமனையில் 441 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2004-இல் வெளியானது. ஆட்டுத்தோல் விரித்தவர்களில் 9.6 சதவீதம் பேருக்குப் படுக்கைப்புண் வந்தது. விரிக்காதவர்களில் 16.6 சதவீதம் பேருக்கு வந்தது. பின்னர் நெதர்லாந்தின் முதியோர் இல்லங்களில் பார்த்தபோதும் கணக்கு இதே பக்கம்தான் சாய்ந்தது. உண்மையான கம்பளிக்குத்தான் இந்தப் பெருமை. செயற்கை விரிப்புக்கு இந்தச் சான்று கிடையாது. காரணம் என்ன? கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகக் குடித்துவிட்டு, தொட்டால் ஈரமே தெரியாமல் இருக்கும். வியர்வை தோலில் தேங்காது. ரோமம் சுருள் சுருளாக நிற்பதால் உடம்பின் பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். உடம்பு சற்று நகர்ந்தால் ரோமமும் கூடவே நகரும், தோல் உராயாது. இவ்வளவும் ரோமம் நிமிர்ந்து நிற்கும்வரைதான். ரோமம் சடை பிடித்துவிட்டால் அந்தத் தோல் வெறும் பாய். அதனால்தான் கழுவும் முறை ஒரு வீட்டு வேலை மட்டுமல்ல, மருத்துவத்தின் ஒரு பகுதி என்கிறேன்.

தோலை விரித்துவிட்டோமே என்று நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள். அதற்கு இது மாற்று அல்ல. தோலின் மேல் தடித்த போர்வையை விரிக்காதீர்கள். ரோமம் உடம்பைத் தொட வேண்டும். இன்னொன்று, இங்கே இளம் தாய்மார்களும் இருக்கிறீர்கள். கைக்குழந்தையை இதன்மேல் தூங்க வைக்காதீர்கள். குழந்தைகளின் திடீர் மரணத்தைத் தடுக்கப் பாடுபடும் ரெட் நோஸ் அமைப்பு தொட்டிலில் ஆட்டுத்தோலே வேண்டாம் என்கிறது. கிழவருக்கு நல்லது குழந்தைக்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது தோலுக்கு வருவோம். சூடு பட்டால் தோல் என்ன ஆகும்? உங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறேன். பறை அடிப்பவர்கள் அடிக்குமுன் என்ன செய்கிறார்கள்? வைக்கோலைக் கொளுத்திப் பறையைத் தீயில் காட்டுகிறார்கள். ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, ஓசை கணீரென்று எழுகிறது. பறைக்கு அந்த இறுக்கம் வேண்டும். படுக்கைக்கு வேண்டாம். இன்னொன்று கேட்கிறேன். நம் ஊர்த் தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சிய வச்சிரம் எது? தோலும் எலும்பும் கொதித்து இறங்கிய சாறு! ஈரத்தோடு இருக்கும் பச்சைத் தோல் ஏறத்தாழ 65 டிகிரியில் சுருளத் தொடங்கும். இன்னும் கொதித்தால் பசையாகும். பதனிடுவது என்றால் என்ன? தோலின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, அந்தச் சூட்டையும் தண்ணீரையும் அழுகலையும் தாங்கும்படி செய்வது. எதைக் கொண்டு பிணைத்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் தாங்கும் சக்தி மாறும்.

ஆகவே கழுவுவதற்கு முன்னால் தோலைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாயம் ஏற்றாத தோலாக இருந்தால் நிறமே பேசும். சுண்ணாம்பு பூசியதுபோல் தூய வெள்ளையாக இருந்தால் படிகாரம் போட்டதாக இருக்கலாம். படிகாரம் தண்ணீரில் கரைந்து போய்விடும். அது போனால் தோல் பழையபடி பச்சைத் தோலாகி, காய்ந்ததும் பலகையாகும். அதை ஒருபோதும் முக்காதீர்கள், ரோமத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். நீலம் கலந்த சாம்பல் என்றால் குரோம். பழுப்பு என்றால் மரப்பட்டை, நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டதுபோல. இளமஞ்சள் என்றால் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. மருத்துவத்துக்கென்று செய்யும் தோல்களில் பல இந்த வகை, தண்ணீருக்கு அஞ்சாதவை. ஆஸ்திரேலியத் தரம் 4480 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் மருத்துவமனைக்கென்றே 80 டிகிரி வெந்நீரையும் சிறுநீரையும் தாங்கும் வகை உண்டு. எல்லாத் தோலும் அப்படி அல்ல. நான் பாழாக்கியது 40 டிகிரிக்கு மேல் கூடாது என்று சீட்டு ஒட்டிய தோல். சீட்டு இருந்தது, நான் படிக்கவில்லை. எந்த வகை என்று தெரியாவிட்டால் கால் ஓரமாக ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைத்து, காய வைத்து, மடித்துப் பாருங்கள். மெத்தென்று மடிந்தால் கழுவலாம்.

அடுத்தது ரோமம். கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீனின் செதில்போல் அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கும். சூடும் காரமும் சேர்த்துப் போட்டு உருட்டினால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கவ்வியது விடாது. அதுதான் சடை. எண்ணெய் இல்லாத தலைமுடியைக் கசக்கித் தேய்த்தால் சிக்கு விழுகிறதே, அதைவிடப் பொல்லாத சிக்கு. ஆகவே தேய்க்காதீர்கள், கசக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.

என் வீட்டில் எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். தோல் நனைந்தால் அன்றே கழுவிவிடுவோம். சிறுநீர் நின்றால் அம்மோனியாவாக மாறும், அது காரம், ரோமத்தையும் தோலையும் அரிக்கும். முதலில் வெளியே எடுத்து உதறுவோம். அழுக்கு இருந்தால் சீப்பால் வாரி எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுவோம். பிறகு குளியல் தொட்டியில் முழங்கை வைத்தால் சூடும் தெரியாத, குளிரும் தெரியாத வெதுவெதுப்பான தண்ணீர். அதில் கம்பளிக்கென்று விற்கும் திரவச் சோப்பு இரண்டு மூடி. ரோமம் கீழே பார்க்கத் தோலைப் போட்டு உள்ளங்கையால் அழுத்துவோம், விடுவோம், அழுத்துவோம், விடுவோம். மாவு பிசைவதுபோல் அல்ல. நெஞ்சு சளி பிடித்த குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல். பத்து நிமிடம் போதும். அலசும் தண்ணீரும் அதே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்குப் போனாலும் ரோமம் சுருண்டுகொள்ளும். நுரை தீரும்வரை மூன்று தண்ணீர், நான்கு தண்ணீர்.

எந்தச் சோப்பு என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். சாதாரணச் சலவைத்தூளில் கறையைத் தின்னும் நொதிகள் இருக்கின்றன. இரத்தக் கறையும் புரதம், கம்பளியும் புரதம், தோலும் புரதம். நொதிக்குப் பாகுபாடு தெரியாது. ப்ளீச்சோ இன்னும் மோசம். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ப்ளீச் ஊற்றி ஒரு துண்டு பருத்தி நூலும் ஒரு துண்டு கம்பளி நூலும் போட்டுவைத்தேன், என் பேரனுக்குக் காட்ட. கம்பளி நூலைச் சுற்றிக் குமிழ் கிளம்பிற்று, மஞ்சளாயிற்று, இழை இழையாகப் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் கம்பளி இல்லை. பருத்தி நூல் அப்படியே கிடந்தது. கிருமி சாகட்டும் என்று நீங்கள் ஊற்றும் ப்ளீச் உங்கள் அம்மாவின் படுக்கையைக் கரைக்கிறது.

சீயக்காய் போடலாமா என்று போன வாரம் ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார். சீயக்காய் மென்மையானதுதான், ஆனால் வெள்ளை ரோமத்தில் பழுப்பேறும். பட்டுப் புடவைக்கு ஊறவைப்போமே பூந்திக்கொட்டை, அதன் தெளிந்த தண்ணீர் தாராளமாக ஆகும். இந்த ஊர்ப் பாட்டிமார் ஒரு கலவை சொல்வார்கள். மெல்பர்ன் வானொலியில் மார்த்தா கார்டனர் சொல்லிப் புகழ்பெற்ற கம்பளிக் கலவை. சோப்புச் சீவல் நான்கு கோப்பை, மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஒரு கோப்பை, யூகலிப்டஸ் எண்ணெய் 50 மில்லி. யூகலிப்டஸ் எண்ணெய் வேறு எதுவுமல்ல, நம் நீலகிரித் தைலம்! இந்த மண்ணிலிருந்து போய் நம் மலையில் வேரூன்றி நம் மருந்துப் பெட்டிக்குள் நுழைந்த மரம். கம்பளிப் போர்வைக்கு அந்தக் கலவை அருமை. தோலுக்கு நான் போட மாட்டேன். சோப்பு காரமானது. அலசாமல் விடும் கலவை அது, தோலின் நாருக்குள் தங்கிவிடும்.

சலவை இயந்திரம் கூடவே கூடாதா? கம்பளிக்கென்று உள்ள சுற்றில், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில், சீட்டு அனுமதித்தால் போடலாம். கடைசியில் தண்ணீர் வடியச் சுழற்றுவது தோலுக்கு நல்லதே. கையால் முறுக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனித்தான் முக்கியமான இடம். கழுவுவதில் பாழாவதைவிடக் காயவைப்பதில் பாழாவதுதான் அதிகம். ஹீட்டருக்கு முன்னால் போடாதீர்கள். கொளுத்தும் வெயிலில் போடாதீர்கள். உலர்த்தியில் சூடு வைத்துப் போடவே போடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், கொடியில் தொங்கவிடாமல் பரந்த கம்பிச் சட்டத்தில் விரியுங்கள். மெல்பர்ன் குளிரில் இரண்டு நாள் ஆகும், மூன்று நாளும் ஆகும். ஆகட்டும். அதனால்தான் வீட்டில் இரண்டு தோல் இருக்க வேண்டும் என்கிறேன். ஒன்று கட்டிலில், ஒன்று கம்பியில். என் வீட்டில் அன்று இரண்டாவது தோல் இருந்திருந்தால் அம்மாவின் குதிகால் தப்பியிருக்கும்.

விரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். முக்கால் பங்கு காய்ந்து, அடிப்பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கும் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தில் தோலை எடுத்து இழுக்க வேண்டும். கழுத்திலிருந்து வாலுக்கு ஒரு இழுப்பு. இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. வயிற்றுப் பக்கம் மெல்லியது, அங்கே மெதுவாக. இழுக்கும்போது கூர்ந்து பாருங்கள். ஈரத்தில் கறுத்து, கண்ணாடிபோல் ஒட்டிக் கிடந்த இடம் உங்கள் கைக்குள்ளேயே வெளுக்கும். வெள்ளைப் பூப் பூப்பதுபோல் வெளுக்கும். ஒட்டிக்கொண்ட நார்கள் பிரிந்து காற்று உள்ளே போகும் அடையாளம் அது. ராணிப்பேட்டையில் இதற்கு இயந்திரம் வைத்திருந்தோம். இயந்திரம் வருவதற்கு முன்னால் பெரியவர்கள் மழுங்கிய இரும்புத் தகட்டின் மேல் போட்டு முழங்காலால் அழுத்தி இழுத்தார்கள். வீட்டில் நாற்காலியின் முதுகுச் சட்டமே போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை. முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் கிழியும். ஈரமாகவே இழுத்தால் பயனில்லை. பதம் முக்கியம்.

ரோமத்தை முழுவதும் காய்ந்த பின்தான் வாருங்கள். நாய்க்குட்டிக்கு வாரும் கம்பிச் சீப்பு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல அடிக்குப் போங்கள். சடை விழுந்த கூந்தலை வாரும்போது செய்வதுதான். என் மனைவி அம்மாவின் தலையை வாரிவிட்டு அப்படியே உட்கார்ந்து தோலையும் வாருவாள். நாள்தோறும் ஒரு நிமிடம் வாரினால் கழுவும் வேலையே பாதியாகக் குறையும்.

தேவை தீர்ந்து எடுத்து வைக்கும்போது அழுக்கோடு வைக்காதீர்கள், அந்துப்பூச்சி வியர்வையும் உப்பும் இருக்கும் இடத்தைத்தான் தேடி வரும். பூச்சி விழுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். அரும்பொருட்களைக் காக்கும் அருங்காட்சியகங்களும் குளிரைத்தான் நம்புகின்றன. பிளாஸ்டிக் பையில் நிரந்தரமாக மூடி வைக்க வேண்டாம். பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள்.

அம்மா அந்தக் கட்டிலில் பதினான்கு மாதம் இருந்தார். குதிகால் ஆறிய பிறகு அவர் உடம்பில் வேறு புண் வரவில்லை. கடைசி மாதங்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் கழுவிய தோலை விரிக்கும் நாளில் மட்டும் கையை நீட்டி ரோமத்துக்குள் விரலை விடுவார். கணுவரை போகிறதா என்று பார்ப்பார். போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்தத் தோல்களில் ஒன்று இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நேற்று முன்தினம் கழுவினேன். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பதத்தோடு எடுத்து வந்திருக்கிறேன். இதோ இந்த மேசையின் மேல் இருக்கிறது. அடிப்பக்கத்தைத் தொட்டால் இன்னும் சில்லென்று இருக்கிறது. பேசியது போதும். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் வாருங்கள். அம்மா, நீங்கள் கழுத்துப் பக்கம் பிடியுங்கள். தம்பி, நீ வால் பக்கம் வா. இழுங்கள். இன்னும் கொஞ்சம். கைக்குக் கீழே வெளுப்பது தெரிகிறதா?